காற்று வரும் வழி

நுழையும்முன்

காற்று கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் அது கெடுவதை உடல் உணரும். உடல் உணர்ந்ததைப் பிறரும் ஏற்கத்தக்க சான்றாக மாற்றுவது அறிவியல். அச்சான்றை ஐயத்திற்கு இடமின்றி எடுத்துரைப்பது மொழி. தொடக்கப்பள்ளிச் சிறுவர்கள் தம் வகுப்பறைக் காற்றைத் தாமே ஆராய்ந்து அறிக்கை எழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பாறையில் ஒரு பாடம்

புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஊர் குடுமியான்மலை. அங்குள்ள குன்றின் அடிவாரத்தில் சிகாநாதர் கோவிலும் குடைவரைக் கோவிலும் உள்ளன. குடைவரையை அடுத்த பாறைமுகப்பில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. அது கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர் கருத்து. சுரங்களின் தொகுதிகள் ஏழு பிரிவுகளாக அதில் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராச்சாரியாரின் மாணவனாகிய அரசன் ஒருவன் மாணாக்கரின் நன்மைக்காக இவற்றை அமைத்தான் என்று அதன் இறுதிப் பகுதி தெரிவிக்கிறது.

இசை காற்றில் பிறந்து காற்றிலேயே மறைவது. அதனைக் கூர்ந்து கேட்டு, பகுத்து, வரிசைப்படுத்தி, பின்வருவோர் பயிலும்படி கல்லில் பதித்திருக்கிறார்கள். அதே ஊரில் 2014ஆம் ஆண்டு முதல் வேளாண்மைக் கல்லூரி இயங்கிவருகிறது. மண்ணை ஆய்ந்தறிந்து அதற்கேற்பப் பயிரிட வேண்டும் என்பது அங்குக் கற்பிக்கப்படும் பாடம். கேட்கும் ஒலிக்கும் உழும் மண்ணுக்கும் ஆய்வு உண்டெனில், சுவாசிக்கும் காற்றுக்கும் ஆய்வு வேண்டாவா? ஒரு சிறுமி நாள்தோறும் பல மணி நேரம் அமர்ந்திருக்கும் வகுப்பறையின் காற்று எத்தன்மையது என்று யார் கண்டறிவது? அந்தக் காற்றைச் சுவாசிப்பவர்களே கண்டறியலாம் என்பதுதான் விடை.

ஓர் அறையின் கணக்கு

பிற்பகல் வேளை. வெயிலுக்காகவும் சாலையின் இரைச்சலுக்காகவும் வகுப்பறைச் சன்னல்கள் சாத்தப்பட்டுள்ளன. ஒரு சன்னலை அலமாரி மறைத்து நிற்கிறது. சிறுவர்கள் கொட்டாவி விடுகின்றனர். சிலருக்குத் தலை கனக்கிறது. ஒருவன் மேசைமீது சாய்கிறான். “பாடத்தில் கவனமில்லை” என்ற பழி உடனே அவன்மீது விழுகிறது. அவ்வறையின் காற்றை எவரும் ஐயுறுவதில்லை.

அந்த அறையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நீளமும் அகலமும் ஆறு மீட்டர், உயரம் மூன்று மீட்டர் எனக் கொண்டால், அறையின் கொள்ளளவு 108 கன மீட்டர். அதாவது 1,08,000 லிட்டர். அதனுள் முப்பது சிறுவர்கள் அமர்ந்துள்ளனர். அமர்ந்து படிக்கும் சிறுவர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 12 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். முப்பது பேருக்கு அது 360 லிட்டர். காற்று சிறிதும் மாறாத வகையில் அறை மூடப்பட்டிருந்தால், ஒரு மணி நேரத்தில் பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 3,330 பங்கு கரியமில வாயு அறைக்காற்றில் கூடிவிடும். வெளிக்காற்றில் இயல்பாக இருப்பது ஏறத்தாழ 420 பங்குதான். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3,750 பங்காகும்.

இவ்வெண் எதைக் காட்டுகிறது? நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 40,000 பங்கு கரியமில வாயு உள்ளது. அறைக்காற்றில் கூடிய 3,330 பங்கு அதில் பன்னிரண்டில் ஒன்று. எனவே அந்த மணி நேரத்தின் முடிவில், உள்ளிழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பன்னிரண்டில் ஒரு பங்கு ஏற்கெனவே ஒருவர் நுரையீரலுக்குள் சென்று வந்த காற்றாகும். இந்த அளவில் கரியமில வாயு உயிருக்கு ஊறு செய்யும் நஞ்சன்று. ஆனால், அறைக்காற்று எந்த அளவுக்குப் பழகிப்போயிற்று என்பதைக் காட்டும் அடையாளம் அது. ஒருவர் மூச்சோடு வெளிவரும் நோய்க்கிருமியும் அதே வழியில்தான் அடுத்தவரை அடைகிறது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் இதனை உணர்ந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பொது இடங்களில் ஓர் ஆளுக்கு நொடிக்குப் பத்து லிட்டர் புதுக்காற்று கிடைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாம் கண்ட அறைக்கு இதனைப் பொருத்தினால், ஒரு மணி நேரத்தில் பத்து முறை அறையின் கொள்ளளவுக்கு நிகரான புதுக்காற்று உள்ளே வரவேண்டும். எதிரெதிரே உள்ள சன்னல்கள் திறந்து, காற்று ஊடுருவிச் சென்றால்தான் இது இயலும்.

மூச்சுக்காற்றோடு தூசும் சேர்கிறது. கரும்பலகையைத் துடைக்கும்போது உதிரும் சுண்ணத்தூள், காலணியோடு வரும் செம்மண், பெருக்கும்போது எழும் புழுதி, அருகில் குப்பை எரிந்தால் வரும் புகை எனத் தூசின் வழிகள் பல. இவற்றுள் பருமனான துகள்கள் கீழே படிந்துவிடும். தலைமயிரின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்துகள்கள் காற்றில் நெடுநேரம் மிதந்து, நுரையீரலின் ஆழம்வரை செல்லும்.

தெரிந்து தெளிவோம்

சன்னல் என்பது போர்த்துக்கீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். அதற்கு முன்பே தமிழில் வழங்கிய சொற்களுள் ஒன்று ‘காலதர்’. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் இச்சொல் பயின்று வந்துள்ளது. வெளிச்சத்திற்காகவும் வேடிக்கை பார்ப்பதற்காகவும் மட்டும் அமைந்ததன்று சன்னல். அது காற்று வரும் வழி என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறது நம் மொழி.

அளந்து பார்த்தவர்கள்

மூடிய அறையின் காற்று கெடும் என்பதை மக்கள் நெடுங்காலமாக அறிவர். அதனை எண்ணால் காட்டும் முயற்சி பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. செருமனியின் மியூனிக் நகரில் பணியாற்றிய மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் என்னும் அறிஞர் 1858இல் ஒரு வரம்பை முன்மொழிந்தார். மக்கள் தங்கும் அறையில் கரியமில வாயு ஆயிரத்தில் ஒரு பங்குக்கு, அதாவது பத்து லட்சத்தில் ஆயிரம் பங்குக்கு, மிகுதல் கூடாது என்பது அவ்வரம்பு. பள்ளி அறைகளின் காற்றை இவ்வாறு காத்தால் இளையோரின் உடல்நலம் உறுதிப்படும் என்றும் அவர் கருதினார். அவ்வரம்பு இன்றளவும் பலராலும் எடுத்தாளப்படுகிறது.

‘அமில மழை’ என்னும் சொல்லால் அறியப்படும் இராபர்ட் ஆங்கசு சுமித் எளியதொரு முறையைக் கையாண்டார். சுண்ணாம்புத் தெளிநீரைப் புட்டியிலுள்ள காற்றோடு சேர்த்துக் குலுக்கினால், கரியமில வாயுவின் அளவுக்கேற்ப நீர் கலங்கும். எவ்வளவு சிறிய புட்டியின் காற்றிலேயே நீர் கலங்குகிறதோ, அவ்வளவுக்குக் காற்று கெட்டுள்ளது என்பது அவர் கண்ட வழி. பின்னர் 1887இல் கார்னெல்லி, ஆல்டேன், ஆண்டர்சன் ஆகிய மூவரும் இசுகாட்லாந்தின் டண்டி நகரில் வீடுகளின் காற்றோடு பள்ளிகளின் காற்றையும் ஆய்ந்து வெளியிட்டனர். காற்றோட்டத்திற்கு உரிய ஏற்பாடு உள்ள பள்ளிகளில் காற்று தூயதாக இருந்ததை அவர்கள் காட்டினர். அண்மையில், 2021இல், பிரித்தானிய அரசு தன் நாட்டுப் பள்ளிகளுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் கரியமில வாயு அளவிகளை வழங்குவதாக அறிவித்தது. எண் உயர்ந்தால் சன்னலைத் திறக்க வேண்டும் என்பது அதன் பயன்பாடு.

சிறுவர் நடத்தும் ஆய்வு

விலையுயர்ந்த அளவி இல்லாத பள்ளியிலும் இந்த ஆய்வு இயலும். தம்மைச் சூழ்ந்த சிக்கலைச் சிறுவர்களே ஆராய்வதற்கு நம் நாட்டில் ஓர் அரங்கமும் உண்டு. 1993ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடே அது. 10 முதல் 17 வயது வரையுள்ள சிறுவர்கள் குழுவாகச் சேர்ந்து, தம் ஊரின் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்ந்து, தம் தாய்மொழியிலேயே அறிக்கை அளிக்கலாம். மாவட்டம், மாநிலம், தேசம் என்று படிப்படியாக அவ்வறிக்கைகள் அரங்கேறும். தமிழகத்தில் இம்மாநாட்டைச் சிறுவர்களிடம் கொண்டுசென்றதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்திற்குப் பெரும்பங்கு உண்டு. குடிநீர், குப்பை, ஏரி, பயிர் என ஆய்வுக்குரிய பொருள்கள் வீட்டு வாயிலிலேயே உள்ளன. வகுப்பறைக் காற்றோ அதனினும் அருகில் உள்ளது.

ஐந்தாம் வகுப்புச் சிறுவர்கள் ஆசிரியரின் துணையோடு இந்த ஆய்வை மூன்று நிலைகளில் செய்யலாம்.

முதல்நிலை, நோக்கல். அறையின் நீளம், அகலம், உயரத்தை அளந்து படம் வரைதல் வேண்டும். சன்னல்கள் எத்தனை, அவற்றுள் திறப்பவை எத்தனை, மறைக்கப்பட்டவை எத்தனை என்று குறித்தல் வேண்டும். ஊதுபத்தியின் புகை எத்திசையில் செல்கிறது, எங்கே தேங்குகிறது என்பதை ஆசிரியர் காட்ட, சிறுவர்கள் அம்புக்குறிகளால் படத்தில் பதியலாம். காற்றின் நடமாட்டத்தை அவர்கள் கண்ணால் காணும் முதல் தருணம் அது.

இரண்டாம் நிலை, சுண்ணாம்பு நீர்ச் சோதனை. சுண்ணாம்பை நீரில் கரைத்துத் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் வடித்தெடுத்தல் வேண்டும். இதனை ஆசிரியரே செய்தல் நன்று. அந்நீர் கண்ணிலோ வாயிலோ படுதல் கூடாது. ஒரே அளவுள்ள புட்டிகளில் நீரை நிரப்பி, ஒன்றை வகுப்பறையின் நடுவிலும் மற்றொன்றை மரநிழலிலும் கவிழ்த்து நீரைக் கொட்டினால், நீர் வெளியேறிய இடத்தில் அவ்விடத்துக் காற்று புகுந்து நிறையும். இரண்டிலும் சம அளவு தெளிநீரை ஊற்றி, மூடி, ஒரே எண்ணிக்கையில் குலுக்கி, கரிய தாளின் முன் வைத்துப் பார்த்தால் எது கூடுதலாகக் கலங்கியது என்பது புலப்படும். வெளிக்காற்றிலும் நீர் சற்றே கலங்கக்கூடும். ஆதலால் ‘கலங்கியதா’ என்பதன்று வினா. ‘எது மிகுதியாகக் கலங்கியது’ என்பதே வினா.

மூன்றாம் நிலை, தூசு எண்ணல். கட்டமிட்ட அட்டையின்மீது ஒளிபுகும் தாளை ஒட்டி, அதில் தேங்காய் எண்ணெயை மெல்லியதாகப் பூசி, கரும்பலகை அருகிலும் பின்வரிசையிலும் சன்னலோரத்திலும் தாழ்வாரத்திலும் ஒருநாள் முழுதும் வைக்க வேண்டும். பின்னர் உருப்பெருக்கியால் ஒவ்வோர் அட்டையிலும் அதே பத்துக் கட்டங்களில் உள்ள துகள்களை எண்ணிப் பட்டியலிட வேண்டும்.

ஐயம் என்னும் துணை

ஆய்வில் கைகளின் திறமையைவிட மனத்தின் நேர்மை முதன்மையானது. ‘வகுப்பறைக் காற்றுதான் கெட்டது’ என்று முன்பே எண்ணிக்கொண்டவரின் கண்ணுக்கு வகுப்பறைப் புட்டியே கூடுதலாகக் கலங்கித் தோன்றும். இதனைத் தவிர்க்க, புட்டிகளுக்கு எண் மட்டும் இட்டு, எது எவ்விடத்தது என்று அறியாத ஒரு மாணவியிடம் தந்து மதிப்பிடச் சொல்லலாம். ஒருநாள் கண்டது தற்செயலாகவும் இருக்கலாம். எனவே மூன்று நாள்களேனும் திரும்பச் செய்தல் வேண்டும்.

பிற்பகல் சோர்வுக்குக் காற்று மட்டுமே காரணமா? மதிய உணவு காரணமாகலாம். வெயிலின் புழுக்கம் காரணமாகலாம். முன்னிரவில் குறைந்த உறக்கமும் காரணமாகலாம். ஆதலால் காலை வேளையிலும் பிற்பகலிலும், சன்னல் திறந்த நாளிலும் சாத்திய நாளிலும் கண்டவற்றை ஒப்பிடல் வேண்டும். ஆனால், ஆய்வுக்காகவே சன்னல்களைச் சாத்திச் சிறுவர்களை உள்ளே அமர்த்துதல் தகாது. வழக்கமாக நிகழ்வதைக் குறித்துக்கொள்வதே போதும். பிறர் உடல்நலத்தை இடராக்கிப் பெறும் உண்மை சிறுவர் ஆய்வுக்கு வேண்டாவதொன்று.

கருவியின் எல்லையையும் சிறுவர்கள் உணர வேண்டும். எண்ணெய் பூசிய அட்டை, படியும் தூசை மட்டுமே காட்டும். காற்றில் மிதக்கும் நுண்துகளை அது காட்டாது. காற்றிலுள்ள நுண்துகளுக்கு ஒருநாள் சராசரியாக ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராம் என்று இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தரஅளவு வரம்பு விதிக்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் அதனை 15 என்று வகுத்துள்ளது. இவ்வரம்புகளோடு ஒப்பிடுவதற்கு உரிய கருவி வேண்டும். அட்டையில் துகளை எண்ணிவிட்டு ‘வரம்பைக் கடந்தது’ என்று எழுதினால் அது பொய்யாகும்.

அறிக்கை எழுதுதல்

கண்டதை எழுதும்போது ஆய்வு மீண்டும் ஒருமுறை சோதிக்கப்படுகிறது. ‘எங்கள் வகுப்பறைக் காற்று மிகவும் மோசம்’ என்பது ஒரு தொடர். ‘மூன்று நாளும் பிற்பகல் இரண்டாம் பாடவேளையின் முடிவில் வகுப்பறைக் காற்றைக் கொண்ட புட்டி, மரநிழற் காற்றைக் கொண்ட புட்டியைவிட மிகுதியாகக் கலங்கியது, அப்போது நான்கு சன்னல்களில் மூன்று சாத்தியிருந்தன’ என்பது மற்றொரு தொடர். முதல் தொடரை மறுக்க விரும்புவோர் எளிதில் மறுக்கலாம். இரண்டாம் தொடரை மறுக்க விரும்புவோர் தாமும் புட்டியை எடுத்துக்கொண்டு வகுப்பறைக்கு வரவேண்டும். எளியவரின் சொல்லுக்கு வலிமை தருவது சான்றே. குரலை உயர்த்த வேண்டியதில்லை.

சிறுவரின் அறிக்கை ஐந்து பகுதிகளைக் கொண்டிருக்கலாம்: எழுந்த வினா, செய்த முறை, கண்ட முடிவு, தெளிவாகாதவை, வேண்டுவன. இவற்றுள் பலர் விட்டுவிடுவது நான்காம் பகுதி. தெளிவாகாததை ஒளிக்காமல் எழுதும்போது, தெளிந்ததாக எழுதியவற்றின்மீது படிப்போர்க்கு நம்பிக்கை பிறக்கும்.

வேண்டுவனவற்றை எழுதுவதிலும் ஒழுங்கு வேண்டும். பொருட்செலவு இல்லாதவை முதலில் வரலாம்: அலமாரியை நகர்த்துதல், எதிரெதிர்ச் சன்னல்களைத் திறத்தல், பாடவேளைகளுக்கு இடையே கதவைத் திறந்துவைத்தல், கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தல், நீர் தெளித்துப் பெருக்குதல். சிறுசெலவில் முடிபவை அடுத்து வரலாம்: துருப்பிடித்துத் திறக்காத கொக்கியை மாற்றுதல், வெயிலை மறைத்துக் காற்றை விடும் தட்டியைக் கட்டுதல். பெருஞ்செலவு வேண்டுபவை இறுதியில் வரலாம். எவரையும் குற்றஞ்சாட்டாமல், இன்னது செய்தால் இன்ன பயன் விளையும் என்று எழுதுதல் சிறப்பு. சன்னலைச் சாத்தியவருக்கும் அதற்கொரு காரணம் இருந்திருக்கும். இரைச்சலும் வெயிலும் உண்மையான இடையூறுகளே. அவற்றிற்கும் தீர்வு கூறும் அறிக்கையே முழுமையானது.

அறிக்கையை யாரிடம் அளிப்பது? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். தம் பிள்ளைகளே ஆய்ந்து எழுதியதைக் கேட்கும் முதல் அவை அதுவாக இருக்கலாம். ஊராட்சியின் கடமைக்குரியவற்றைக் கிராம சபையிலும் எடுத்துரைக்கலாம். புதுக்கோட்டை மாவட்டத்திற்கு இது புதியதன்று. 1991இல் இங்குத் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். எழுத்தறிவு என்பது கையொப்பத்தோடு முடிவதன்று. தன் நிலையைத் தானே எடுத்துரைக்கும் ஆற்றல் என்பதை அவர்கள் காட்டினர். அவர்களின் பேரப்பிள்ளைகள் பயிலும் வகுப்பறையில் அவ்வாற்றல் ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்கலாம்.

அடுத்து வருவோர்க்காக

அறிக்கை ஏற்கப்பட்டு, அலமாரி நகர்ந்து, சன்னல்கள் திறந்தபின் சோதனையை மறுபடியும் செய்து பார்த்தல் வேண்டும். மாற்றம் பயன் தந்ததா என்று அறிவதும் ஆய்வின் பகுதியே. பயன் குறைவாக இருப்பின் அதனையும் எழுதுதல் வேண்டும்.

ஓராண்டு கழிந்ததும் அச்சிறுவர்கள் அடுத்த வகுப்புக்குச் சென்றுவிடுவர். மழைக்காலத்தில் சாத்திய சன்னல் மீண்டும் திறக்கப்படாமலே போகலாம். வேறோர் அலமாரி அதன்முன் வந்து நிற்கலாம். ஆகவே அறிக்கையின் படி ஒன்று அவ்வகுப்பறைச் சுவரிலேயே தொங்க வேண்டும். மாணாக்கரின் நன்மைக்காகக் கல்லில் எழுதிவைத்த ஊரில், மாணாக்கரே அடுத்த மாணாக்கருக்காகத் தாளில் எழுதிவைப்பது பொருத்தமானதே. பிற்பகலில் ஒரு சிறுவன் மேசைமீது சாயும்போது, அத்தாளைப் படித்த ஒருவர் அவனைக் கடிந்துகொள்ளும் முன் எழுந்து சென்று சன்னலைத் திறந்துவிடுவார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறையின் கொள்ளளவையும் அதில் பயில்வோரின் எண்ணிக்கையையும் கொண்டு, பாடத்தில் உள்ளவாறு கணக்கிட்டு வகுப்பில் எடுத்துரைக்க.

2. அருகிலுள்ள தொடக்கப்பள்ளிக்குச் சென்று, தலைமையாசிரியரின் இசைவோடு, சிறுவர்கள் தூசு எண்ணும் ஆய்வைச் செய்யத் துணைபுரிக. அறிக்கையை அவர்களே எழுதட்டும். பிழைதிருத்தம் மட்டும் செய்க.

3. ‘எங்கள் தெருவில் தூசு அதிகம்’ என்னும் தொடரை, சான்றோடு கூடிய தொடராக மாற்றி எழுதுக.

மதிப்பீடு

குறுவினா

1. காலதர் – சொல்லின் பொருளை விளக்குக.

2. புட்டிகளுக்கு எண் மட்டும் இடுவதன் நோக்கம் யாது?

சிறுவினா

1. வகுப்பறையில் கரியமில வாயுவின் அளவு எதற்கு அடையாளமாகிறது?

2. அறிக்கையில் ‘தெளிவாகாதவை’ என்னும் பகுதி இடம்பெற வேண்டியதன் தேவையை எழுதுக.

நெடுவினா

1. ‘எளியவரின் சொல்லுக்கு வலிமை தருவது சான்றே’ – இக்கூற்றை வகுப்பறைக் காற்று ஆய்வின் வழி நிறுவுக.